ஒற்றைப் பின்னல்

தன் சொந்த வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு நிக்காந்தர் வெளியே நின்றார். உள்ளே யாரும் இல்லை. அந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர்தான்: அவர், அவர் மனைவி கிளாஷா, சமையற்காரி பெலகேயா. ஆனாலும் மனிதர் கையில் சோப்பும் தோளில் துண்டுமாக, முன்னால் பெரிய வரிசையே நிற்பது போலப் பொறுமையாக நின்றார். குளித்து முடித்ததும் அந்தச் சோப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். பதினொரு அறை வீட்டில் ஒரு துண்டு சோப்பை யார் திருடப் போகிறார்கள்?

கிளாஷா சிரித்துத் தள்ளிவிட்டாள். சோப்பு கிடக்கட்டும், அவளைத் தின்றது காலுறைதான். சலவைக்குப் போடும்போது பார்த்தாள். குதிகால் ஓட்டையை யாரோ பழுப்பு நூலால் இழையோட்டி அடைத்திருந்தார்கள். நெருக்கமான, ஆசை ஆசையாகப் போட்ட தையல். பெத்ரோகிராத் நகரத்தின் பெரிய தேயிலை வியாபாரிக்குக் காலுறை தைத்துப் போட என்ன தலையெழுத்து? கிழிந்தால் எறிந்துவிடுவதுதானே இந்த வீட்டு வழக்கம்?

"இது நீ தைச்சதா?"

"நானாம்மா? ஊசியில நூல் கோக்கவே எனக்குக் கண்ணு தெரியாது. என்னைப் போய் கேக்கறீங்களே!" என்றாள் பெலகேயா.

அப்படியானால் எவளோ ஒருத்தி. கிளாஷா அந்தக் காலுறையைக் கசக்கி எறிந்தாள். வைரத்தோடு போட்ட நாடகக்காரியாக இருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். பணத்துக்காகச் சுற்றுகிறவள், நாலு மாதத்தில் போய்விடுவாள். இவளோ உட்கார்ந்து காலுறை தைக்கிறாள். இப்படிப்பட்டவள் போகவே மாட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. படுத்தபடி வீட்டைக் கவனித்தாள். மெழுகு பூசிய மரத்தரையும் காய்ந்த ரோஜா இதழ்களும் மணக்க வேண்டிய கூடத்திலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பின் புகையும், வேகும் முட்டைக்கோஸின் புளித்த வாடையும், பல பேருடைய ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஒன்று அழுதது, யாரோ அதட்டினார்கள், பாத்திரம் ஒன்று உருண்டு நின்றது. விளக்கைப் போட்டால் ஒன்றுமில்லை. பக்கத்தில் நிக்காந்தர் சுவரோடு ஒட்டி, ஒடுங்கி, பெஞ்சில் படுத்தவர் போலத் தூங்கினார். தூக்கத்தில் சிரித்தார். "தாஸ்யா," என்றார். ஒரு பெண்ணின் பெயர்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவரே பேச்செடுத்தார்.

"தொள்ளாயிரத்துப் பதினேழுல ரொட்டிக் கலகம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு மாவு ரயில் வந்துச்சு, கூட்டம் கலைஞ்சு போச்சு. வராம இருந்திருந்தா?"

"இருபது வருஷத்துக்கு முந்தின கதை இப்ப எதுக்குங்க?"

"புரட்சி வெடிச்சு ஜார் மன்னர் போயிருப்பாரு. கடை போயிருக்கும். இந்த வீட்டுல அறைக்கு ஒரு குடும்பமா அடைச்சிருப்பாங்க. எனக்குன்னு ஒரு மூலை கிடைச்சிருக்கும்." அவர் முகம் இளகியது. "அதுல சந்தோஷமா இருந்திருப்பேனோ என்னவோ."

"யாரோட?" என்று வாய்வரை வந்ததை அவள் சூப்போடு விழுங்கினாள். யார் என்று கண்ணால் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஞானஸ்நானப் பெருநாள் வரும்வரை கன்னிப்பெண்கள் கண்ணாடி பார்க்கும் நாட்கள். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, இரண்டு மெழுகுவத்தி. கழுத்துச் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால், கண்ணாடிக்குள் நீளும் இருட்டில் வரப்போகிற மாப்பிள்ளை தெரிவான், அவன் இருக்கும் இடமும் தெரியும். தெரிந்த கணமே "விலகிப் போ" என்று சொல்லிக் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட வேண்டும்.

"வேணாம்மா," என்று பெலகேயா கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமானவ இதுல உக்காரக் கூடாது. மோதிரத்தைக் கழட்டி, இரட்டைப் பின்னலைப் பிரிச்சு கன்னிப்பொண்ணு மாதிரி ஒத்தைப் பின்னலா போட்டாத்தான் அது காட்டும். அவரு என் புருஷன் இல்லன்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடாதா?"

"போடி, போய்த் தீர்த்தம் வாங்கிட்டு வா."

பெலகேயா சிலுவைக் குறி போட்டுக்கொண்டே கோவிலுக்குப் போனாள். மாலை நாலு மணிக்கே ஜன்னலில் கருக்கல். நிக்காந்தர் படிப்பறையில் இருந்தார்; அவருடைய இருமல் கேட்டது. கிளாஷா சிலுவையைக் கழற்றினாள், மோதிரத்தைக் கழற்றினாள், கூந்தலைப் பிரித்து ஒற்றையாகப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் வெறும் சுடர்கள். பிறகு கடைசிச் சுடருக்குப் பின்னால் ஒரு அறை. பலகை அடித்துக் குறுக்கிய அறை. ஆனால் மேலே கூரையில் இருந்த பூவேலைப்பாடு அவளுடைய கூடத்துப் பூவேலைப்பாடு. கட்டிலில் ஒரு பெண், மெலிந்தவள், அழகி என்று சொல்ல முடியாது, காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் தலை வைத்து நிக்காந்தர். கன்னம் ஒட்டிப்போன, முன்பல் இரண்டு இல்லாத நிக்காந்தர். இப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் கிளாஷா ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர் இருமினார். அதே நொடியில் படிப்பறையிலும் இருமல்.

மூடியிருக்க வேண்டும். துண்டு மடியிலேயே இருந்தது. ஆனால் பொறாமை கண்ணை விடவில்லை.

"அவரு என் புருஷன்," என்றாள்.

தாஸ்யா நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். "மெதுவா பேசுங்கம்மா. வந்துடப் போறாங்க."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

தாஸ்யா பதறி எழுந்தாள். அவரை அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள். கதவு உடைந்தது. தோல் கோட்டு போட்ட மூன்று பேர், கைது செய்ய வந்த தோரணையில்.

"முன்னாள் தேயிலை வியாபாரி நிக்காந்தர் எங்கே?"

"இல்லைங்க. ஊருக்குப் போயிருக்காரு."

மெத்தையைக் கிழித்தார்கள். கட்டிலைப் புரட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. போகத் திரும்பியவர்களில் ஒருவன் நின்றான். சுவரைப் பார்த்தான். இல்லை, சுவரை அல்ல. கிளாஷாவை.

"நீங்க பார்த்தீங்களா, அம்மா?"

தாஸ்யா தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். கண்ணில் நீர்.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும்தான் கிளாஷாவுக்கு ஆத்திரம் பொங்கியது. யாருக்காக அழுகிறாள் இவள்? யாருடைய புருஷனுக்காக? கண்ணாடிக்குள் இருக்கும் அந்த ஆள் போகட்டும். போனால் இவர் முழுசாக எனக்கு.

விரலை நீட்டினாள். அலமாரிப் பக்கம்.

இழுத்தார்கள். அலறல். கண்ணாடியில் ஒன்று, படிப்பறையில் ஒன்று.

"என்னங்க!"

ஓடினாள். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. தேநீரில் இன்னும் ஆவி. மூக்குக் கண்ணாடி மிதிபட்டு நொறுங்கி. கம்பளத்தில் ஈரப் பூட்ஸ் தடங்கள். தடங்கள் கூடத்தைத் தாண்டி, கண்ணாடிகள் வைத்த மேசை வரை போயின. அங்கே நின்றன.

அவரை நான்தான் காட்டிக்கொடுத்தேன். நானே.

கண்ணாடி முன் திரும்பி ஓடி வந்தாள். மூட வேண்டும். துண்டு? கையில் இல்லை. தரையில் இல்லை. கண்ணாடிக்குள், தாஸ்யாவின் தோளில் கிடந்தது.

தாஸ்யா இப்போது அழவில்லை. கதவைப் பார்த்து ஏதோ சொன்னாள். படியில் இறங்கிக்கொண்டிருந்த பூட்ஸ்கள் நின்றன. திரும்பின. ஏறின.

உள்ளே மூன்று தோல் கோட்டுகள். தாஸ்யா மெல்லக் கையைத் தூக்கினாள். விரல் நேராகக் கிளாஷாவின் நெஞ்சுக்கு.