நான்காவது கொடி

ரெஃப்ரி வேங்கடசுப்ரமணியனின் பின்மண்டை பிளந்திருந்தது.

செம்பூர் மைதானத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட நடுவர் அறை. சிமென்ட் தரையில் குப்புறக் கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது. கறுப்பு ஜெர்சி. ரத்தம் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்து போய்... வாசல்படியைத் தொட்டுவிட்டிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணி. வட்டார லீகின் அரையிறுதி. தாராவி நெல்லை ஸ்டார்ஸ் ஒரு கோல். செம்பூர் யூத் லெவன் ஒரு கோல். இடைவேளையில் இது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் சாதனா, குனிந்து அவர் கழுத்தைத் தொட்டாள்.

சூடு இருந்தது. துடிப்பு இல்லை.

"முதல்ல பாத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

வாசலில் நின்றவன் ஓரடி உள்ளே வந்தான். கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் அனந்த். முப்பத்தாறு வயது. மஞ்சள் ரெயின்கோட் போட்டிருந்தான்.

"செகண்ட் ஹாஃபுக்குக் கூப்பிட வந்தேன். இப்படிக் கெடக்கறார்..."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"மாரீஸ்வரன். தாராவி கேப்டன். நாப்பதாவது நிமிஷம் சார் அவனுக்கு ரெட் கார்டு குடுத்தார். போறப்போ அவன் என்ன சொன்னான்னு ஊரே கேட்டது மேடம்."

சாதனாவும் கேட்டிருந்தாள்.

'ஏய் பெரிசு, வெளிய வா. அந்த விசிலை உன் தொண்டையிலயே இறக்குதேன்.'

அவள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது... வெளியே ஓர் அலறல்!

ஓடினாள்.

பார்க்கிங் பக்கம் முப்பது பேர். அத்தனை பேரும் செம்பூர் ஆட்கள். நடுவில் மாரீஸ்வரன். ஸ்டட் வைத்த பூட்ஸ்கள் அவன் விலாவில் இறங்கின. ஒருவன் பெஞ்சுப் பலகையை ஓங்கி அவன் வலது கையில் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் சாதனாவுக்கே கேட்டது.

"மார் டாலோ சாலே கோ! கொன்னு போடுங்கடா அவனை!"

அவன் மேல் ஒரு பெரியவர் கவிழ்ந்து படுத்திருந்தார். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சா. நெல்லை ஸ்டார்ஸின் மேனேஜர். அடிகள் பாதி அவர் முதுகில் விழுந்தன. நெற்றி கிழிந்து தாடி சிவந்திருந்தது. ஆனாலும் நகரவில்லை.

சாதனா லத்தியைச் சுழற்றினாள். முதல் ஆளுக்கு முழங்கால். இரண்டாவது ஆளுக்கு மணிக்கட்டு. மூன்றாவது ஆள் அவள் சட்டைக் காலரைப் பிடித்தான். அவன் மூக்கை உடைத்துவிட்டு, ரிவால்வரை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டாள்.

கூட்டம் சிதறியது.

"உயிர் இருக்கா?"

"இருக்கும்மா." கரீம் பாட்சா மூச்சு வாங்கினார். "இவன் கொல்லலம்மா. ரெட் கார்டு வாங்கிட்டு வந்தான்லா, கோவத்துல என்னமும் பண்ணிருவான்னு நாந்தான் வேனுக்குள்ள தள்ளிப் பூட்டுனேன். ரெஃப்ரி செத்துட்டாருன்னு சத்தம் கேட்டப்பொறவுதான் தொறந்தேன்."

"உங்க ஆளைக் காப்பாத்த இப்படிச் சொல்லலாமே பாய்?"

"சொல்லலாம்தான். வேனை வந்து பாருங்க."

பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் உள்ளேயிருந்து உதைத்த விரிசல்கள். கம்பி வலை மட்டும் பிடுங்க வராமல் நின்றிருந்தது. பக்கத்து வடாபாவ் கடைக்காரர், மராட்டியும் இந்தியும் கலந்து, இடைவேளை முழுக்க வேன் ஆடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

மாரீஸ்வரனைத் தூக்கி வந்து, மைதானத்து மூலையில், வேப்பமர நிழலில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் தாதர் பக்கம் டிராஃபிக்கில் மாட்டியிருந்தது.

"கோவத்துல பேசுனேன் மேடம்." அவன் வாயிலிருந்து ரத்தமும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. "பேசுனது தப்புதான். ஆனா நான் தொடல."

"பேசாம படு."

சாதனா நடுவர் அறை வாசலில் நின்ற அனந்திடம் திரும்பி வந்தாள்.

"ரிப்போர்ட்டுக்கு வேணும். இடைவேளையில நீங்க எங்க இருந்தீங்க?"

"கிரவுண்டுலதான் மேடம். கார்னர் கொடி பாத்துட்டிருந்தேன். காலையில பெஞ்ச மழையில மண்ணு எளகிப்போச்சு. நாலு கொடியையும் நல்லா குத்தி நிறுத்திட்டு, நேரா இங்கதான் வந்தேன்."

"நாலையும்?"

"நாலையும்."

அறைக்குப் பின்னாலிருந்து கான்ஸ்டபிள் ஒருவன் கையாட்டினான். போனாள்.

"மேடம், யே தேக்கியே. இதைப் பாருங்க."

தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, புல்லுக்குள் செருகிக் கிடந்தது அது. ஐந்தடி இரும்புக் கம்பி. ஒரு முனை மண்ணில் குத்துவதற்காகக் கூர்மையாக இருந்தது. மறுமுனையில் கிழிந்த சிவப்புத் துணியின் மிச்சம். நடுவில் ரத்தம். அதில் ஒட்டிய நரைமுடி.

சாதனா மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். அரை நிமிடம் பார்த்தாள்.

பிறகு அனந்தைக் கூப்பிட்டு, வேப்பமரம் இருந்த மூலைக்கு நடத்திப் போனாள். கான்ஸ்டபிள் பின்னால் வந்தான்.

"அனந்த், இங்கேர்ந்து கொடிகளை எண்ணுங்க."

"எதுக்கு மேடம்?"

"எண்ணுங்க."

அவன் கண்கள் மைதானத்தைச் சுற்றின. பக்கத்தில் ஒன்று. எதிர் மூலையில் ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் ஒன்று...

நடுவர் அறை ஓரத்து மூலையில் வெறும் குழி.

"நான்... நான் பாத்துட்டு வந்தப்பறம் யாராவது புடுங்கியிருப்பா மேடம்."

"நாலையும் குத்தி நிறுத்திட்டு நேரா ரூமுக்கு வந்தேன்னீங்க. நீங்க வந்தப்ப அவர் செத்துக் கெடந்தார். அப்ப புடுங்கினவன் உங்களுக்கு முன்னாடி ஓடி, அவரை அடிச்சுக் கொன்னு, கம்பியை ஒளிச்சுட்டுப் போயிட்டானா?"

அனந்த் ரெயின்கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இன்னொண்ணு. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. வெயில் கொளுத்துது. ரெயின்கோட்டைக் கழட்டுங்க."

"மேடம்..."

"கழட்டுங்க."

அவன் கை ஜிப்புக்குப் போனது. பாதி இறக்கினான். உள்ளே லைன்ஸ்மேனின் வெளிர்நீல ஜெர்சி. நெஞ்சு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

அடுத்த நொடி!

பக்கத்திலிருந்த கொடிக் கம்பியைப் பிடுங்கிச் சுழற்றினான் அனந்த். கான்ஸ்டபிளின் தோள்பட்டை உடைந்தது. அவன் சுருண்டு விழுந்தான். சாதனாவின் கை ரிவால்வருக்குப் போவதற்குள் கம்பி மறுபடி வந்தது. மணிக்கட்டில் அடி. ரிவால்வர் புல்லில் தெறித்தது. தடுமாறி மல்லாந்தாள்.

அனந்த் கம்பியைத் திருப்பிப் பிடித்தான். கூர்முனை கீழே. இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்கினான்.

குத்த முடியவில்லை.

மரத்தடியில் கிடந்த மாரீஸ்வரன், உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஈர மண்ணில் கால்களை நீட்டிச் சறுக்கி வந்தான். அவனுடைய பூட்ஸ் அனந்தின் கணுக்காலை வாரியது. கடக்கென்று ஒரு சத்தம். அனந்த் முகம் மண்ணில் மோத விழுந்தான். கம்பி அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு உருண்டது.

சாதனா அவன் முதுகில் முழங்காலை வைத்து, கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினாள்.

மாரீஸ்வரன் வலியில் முனகினான். "மேடம்... இது ஃபவுலா?"

"நான் எதையும் பாக்கலை."

கரீம் பாட்சா ஓடி வந்து அவன் தலையை மடியில் ஏற்றிக்கொண்டார். சாதனா அனந்தை நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"ஏன்?"

அனந்த் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். பிறகு, போலீஸோடு பேசிய தமிழை விட்டு வீட்டுத் தமிழில் பதில் வந்தது.

"பன்னெண்டு வருஷம் அவர் பக்கத்துல கொடி தூக்கினேன். ஒரு பெரிய மேட்ச்ல கூட விசிலை எங்கையில குடுக்கலை. இன்னிக்கு முப்பதாவது நிமிஷம் ஆஃப்சைடுன்னு கொடியைத் தூக்கிண்டு நிக்கறேன்... திரும்பிக்கூடப் பாக்காம கோல் குடுத்தார். கூட்டமே என்னைப் பாத்துச் சிரிச்சுது. எம்பொண்ணு அம்மு அந்தக் கூட்டத்துல இருந்தா."

"அப்பறம்?"

"இடைவேளைக்கு விசில் அடிச்சதும் கிட்ட வந்தார். 'ரூமுக்கு வா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்'னார். என்னை லீகை விட்டே தூக்கப் போறார்னு புரிஞ்சுடுத்து."

"கம்பியோட போனீங்க."

"எனக்கு முதுகைக் காட்டிண்டு பையைத் தொறந்துண்டிருந்தார். மூணு தடவை அடிச்சேன்."

"என்ன விஷயம்னு சொன்னாரா?"

"சொல்ல விடலை."

அப்போது சாதனாவின் சட்டைப்பையில், தடயமாக எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்த செத்தவரின் செல்போன் அடித்தது. வெளியே எடுத்தாள். திரையில் அகிலாண்டம் என்று பெயர். கவரோடு சேர்த்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் பேசியது.

"ஏன்னா, மேட்ச் நாள்ல கூப்பிடப்படாதுன்னு தெரியும். மனசு கேக்கலை. அனந்த் கிட்ட சொல்லிட்டேளா? இன்னியோட நீங்க ரிட்டையர், ஃபைனலுக்கு அவன்தான் ரெஃப்ரின்னு? லீக்ல கையெழுத்து வாங்கின லெட்டரைப் பையில வெச்சேளே, குடுத்தேளா? என்ன சொன்னான்? அழுதுட்டானா?"



சாதனா ஸ்பீக்கரை அணைத்தாள். பத்தடி தள்ளிப் போனாள்.

"மாமி, நான் போலீஸ்லேர்ந்து சாதனா பேசறேன். அடுத்த வீட்டுலேர்ந்து யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்துல வெச்சுக்கோங்கோ. நான் நேர்ல வந்துண்டிருக்கேன்."

போனை அணைத்தாள். பிறகு நடுவர் அறைக்குப் போய், வேங்கடசுப்ரமணியனின் பையிலிருந்த பழுப்புக் கவரை எடுத்து வந்தாள். அனந்தின் முன்னால் கடிதத்தைப் பிரித்துப் பிடித்தாள்.

அவன் தன் பெயரைப் படித்தான். கன்னத்து ரத்தம் சொட்டுச் சொட்டாக மடியில் விழுந்தது.

"மேடம்... ஃபைனலுக்கு நெஜமாவே விசில் எனக்குத்தானா?"

"கவலையே படாதீங்க அனந்த்." சாதனா கடிதத்தை மடித்தாள். "இனிமே உங்க வாழ்க்கையில தினமும் காலையில விசில்தான். என்ன... ஊதறது மட்டும் ஜெயில் வார்டன்."