முதுகு சொறியும் கோல்

மருதம் குடியிருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை எட்டு மணிக்கு எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாசல் நிலையில் பதித்திருக்கும் 'கண்டறிவான்' அவர்கள் விடும் மூச்சை முகர்ந்தே சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நேற்று யார் எதை அள்ளித் தின்றார்கள் என்பதையெல்லாம் உரக்கச் சொல்லிவிடும். "செல்லையா, மூன்று வடை" என்று அது அறிவித்தால் வரிசையே சிரிக்கும்; செல்லையாவும் சேர்ந்து சிரிப்பார். நிலவுக்குக் குடிவந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இயந்திரத்தின் முன்னால் வெட்கப்படுவதை எப்போதோ விட்டுவிட்டதாக அந்த ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்தில் மனிதர்கள் என்று நான்கு பேர்தான். டாக்டர் நிஜாமுதீன், நர்ஸ் ஆக்னஸ், மருந்து கொடுப்பவர் ஒருவர், அப்புறம் பொற்கொடி. பொற்கொடி செயல்வழிச் சிகிச்சையாளர். அது என்ன வேலை என்று கூட வேலை பார்ப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை ஒரு மனிதன் எதையெல்லாம் தானே செய்துகொள்கிறான், எதில் தடுமாறுகிறான் என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து, தடுமாறுவதை மறுபடி செய்யப் பழக்குவது அவள் வேலை. கை விளங்காதவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு ஊர் அவளுக்குப் 'பொத்தான் டீச்சர்' என்று பெயர் வைத்தது. டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவரும், "சட்டத்துல இப்படி ஒரு போஸ்ட் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

அந்த நிலையத்தை ஒரு ஆள் ஏழு வாரம் திணறடித்தார். பெயர் சங்கரபாண்டி. சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டியவர், அறுபத்தொரு வயது, மனைவி இல்லை, மகள் மரகதத்தோடு இருந்தார். பக்கவாதம் வந்து இடது கை முடங்கியது. மற்றபடி தேறிவிட்டார். கண்டறிவான் நாற்பது செயல்களைச் சோதித்து நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து மனுஷர் சோற்றைக் குறைத்தார். பூமிக் கணக்கில் அறுபத்தெட்டு கிலோ இருந்தவர் ஐம்பத்து மூன்றுக்கு வந்துவிட்டார். வயிறு, குடல், மூளை என்று எதைப் பார்த்தாலும் பழுதில்லை. கடைசியில் கண்டறிவான், "தாய்மண் ஏக்கம்" என்று எழுதியது. காரணம் தெரியாவிட்டால் அது அப்படித்தான் எழுதும். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் குழாய் அறை. அங்கே வயிற்றில் ஓட்டை போட்டுக் கூழை ஏற்றுவார்கள். உள்ளே போனவர்கள் நடந்து வெளியே வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"நீயும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார் டாக்டர், வேறு யாரும் மிச்சம் இல்லாததால்.

பொற்கொடி போனாள். மரகதம் தட்டு நிறையச் சோறும் குழம்பும் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். "ஊட்டிவிடறேங்குறேன், அதுக்கும் வாயைத் திறக்க மாட்டேங்குறாருக்கா. என்ன கோவம்னே தெரியல." சங்கரபாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொற்கொடி தன் வழக்கப்படி கேட்டாள்: "காலைல எந்திரிச்சதும் என்னென்ன பண்ணுவீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்கய்யா."

பல் விளக்குவதைச் சொன்னார். முகம் துடைப்பதைச் சொன்னார். நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தேநீருக்குத் தாவினார்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் சாக்கில் அவள் கழிப்பறைக் கதவைத் திறந்தாள். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நிலவில் தண்ணீர் என்றால் உயிர். ஆளுக்கு ஆறு லிட்டர். குடிக்க, சமைக்க, அவ்வளவுதான். கழிப்பறையில் தண்ணீருக்குத் தடை. உட்கார்ந்தால் போதும், பதினோரு விநாடிக்கு வெப்பக் காற்றும் கிருமிகொல்லி ஒளியும் வந்து சுத்தம் செய்துவிடும். தாள்கூடத் தேவையில்லை. மீறினால் நீர்க்காவல் துறை அந்த வீட்டுக்கே ஒரு மாதம் பாதித் தண்ணீர்தான் விடும். காற்றுத் துப்புரவே உத்தமம் என்று எல்லோரும் பேசினார்கள், பள்ளிக்கூடத்தில் பாடமே இருந்தது.

சங்கரபாண்டி வீட்டுக் கழிப்பறையில், மடித்த துண்டுக்கு அடியில், பழைய எண்ணெய் டப்பாவை வெட்டிச் செய்த, தண்ணீர் மொள்ளும் ஒரு மக்கு ஒளிந்திருந்தது.

பொற்கொடி சட்டென்று கதவைச் சாத்தினாள். முகம் சுட்டது. எல்லாம் புரிந்துவிட்டது. அவள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, பழைய தலைக்கவசத்தின் மூடி. அதை அவள் புருஷனுக்குக்கூடக் காட்டியதில்லை. பெரியவரிடம் போய் எப்படிக் கேட்பது? மரகதமும் பக்கத்திலேயே நிற்கிறாள். "கைக்குப் பயிற்சி கொடுங்க" என்று எதையோ உளறிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாரத்தில் அவர் ஐம்பத்தொன்றாகிவிட்டார்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. மரகதம் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்ல ஹெல்மெட் மூடிங்கய்யா. உங்க வீட்ல எண்ணெய் டப்பா."

சங்கரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது.

"இடது கை வெளங்கல தாயி. ஒரு நாளு வேற வழியில்லாம சோத்துக் கையால..." வலது கையை வேறு யாருடையதோ போலத் தள்ளிவைத்துப் பார்த்தார். "அதுக்கப்புறம் இந்தக் கையால ஒரு வாய் எடுத்து வைக்க முடியல. சாப்பிட்டாத்தான போகணும்? சாப்பிடாம இருந்துட்டா?"

"மரகதத்துகிட்ட சொல்லலாம்ல?"

"பெத்த பொண்ணுகிட்டயா? அதுக்கு உசுரு போயிரலாம்!"

"அந்தக் காத்து போதும்னு விட்டுரலாம்லய்யா?"

"நீ விட்டியா?" என்றார்.

நாற்பது செயல்களைச் சோதித்த கண்டறிவானுக்கு இந்த ஒன்று தெரியாமல் போனதற்கு அதன்மேல் குற்றமில்லை. மனிதர்கள் சொன்னதை வைத்துத்தான் அது படித்தது. இதை ஒருவரும் அதனிடம் சொன்னதே இல்லை.

அன்று மாலையே பொற்கொடி வேலையைத் தொடங்கினாள். வளைந்த குழாய் ஒன்றை எடுத்து, முனையில் மெத்தென்று ஒரு பஞ்சு, முடங்கிய இடது முன்கையோடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டை, தோளில் ஒரு சிறு நீர்ப்பை, காலால் மிதித்தால் தண்ணீர் பீய்ச்ச ஒரு பம்பு. வேட்டியோடு நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் ஒரு பந்தில் மாவைப் பூசி, பார்க்காமல் துடைக்கப் பழக்கினாள். நிலவில் தண்ணீர் சோம்பேறித்தனமாகத்தான் விழும். முதல் நான்கு நாள் மாவும் தண்ணீரும் சுவரெல்லாம் ஆயிற்று. "சுரங்கத்துல மலையையே தொளைச்சேன், இந்தப் பந்து என்னைப் பாடாப் படுத்துது" என்று அவர் திட்டினார். அவர் திட்டியதும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் பந்து சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் மரகதம் ஓடி வந்து, "அக்கா, அப்பா ரெண்டாவது தடவை சோறு கேட்டாருக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்தாய் என்று கேட்டாள். பயிற்சி என்றாள் பொற்கொடி.

ஒரு மாதத்தில் ஐம்பத்தெட்டு கிலோ. கண்டறிவான் படிவத்தை நீட்டியது: "மீட்கப்பட்ட செயல் எது?"

பொற்கொடி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கதவைச் சாத்தினார்.

"உள்ளதை எழுதுனா நீர்க்காவல் படிக்கும். வீட்டுக்கு வீடு சோதனை போடுவான். எங்க வீட்டுக்கும்தான் வருவான்." சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் நாகரிகமா எழுதும்மா. பின்பக்கம் எட்டாத எடம்னு ஏதாவது."

அவள் எழுதினாள்: முதுகு சொறிதல். கருவி: முதுகு சொறியும் கோல், படம் இணைப்பு. டாக்டர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நல்வாழ்வு வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தாய்மண் ஏக்கத்துக்கு மருந்து கிடைத்துவிட்டதாம். ஐந்து குடியிருப்புகளிலும் இருநூற்றுப் பதினான்கு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை முதுகு சொறிய உத்தரவு. தூரிகைக் கை பொருத்திய இயந்திரங்கள் வீடு வீடாகப் போய்ச் சொறிந்தன. யாரும் கூடுதலாக ஒரு கவளம் தின்னவில்லை. சொறிந்தது போதவில்லை என்று முடிவுசெய்து கண்டறிவான் அதை நான்கு முறையாக்கியது. பாலைக் குடியிருப்பில் ஒருவர் செத்தே போனார். கடைசி வரை அவர் முதுகு மட்டும் பளபளவென்று இருந்ததாக நர்ஸ் ஆக்னஸ் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அவருக்கு வேறு ஏதாவது வியாதி இருந்திருக்கும் என்று பொற்கொடி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவில்லை.

ஆனால் சொறிதல் இலக்கு நூறு விழுக்காடு எட்டப்பட்டுவிட்டது. இலக்கை எட்டினால் விழா எடுக்காமல் இருக்க முடியுமா? தலைநகரான குறிஞ்சியில் மண்டபம் பிடித்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நீர்க்காவல் தலைவர் அறவாழி பொற்கொடிக்குப் பொன்னாடை போர்த்தினார். பொத்தான் டீச்சர் என்று கேலி செய்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். சங்கரபாண்டியும் மகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்து குடியிருப்புகளுக்கும் ஒரே கண்டறிவான்தான்; மண்டபத்துக் கூரையிலிருந்து அது கேட்டது: "மீட்கப்பட்ட செயல், முதுகு சொறிதல். கண்டுபிடித்தவர் உறுதி செய்கிறீர்களா?"

அப்போதுதான் பொற்கொடி அந்த அம்மாவைப் பார்த்தாள். நெய்தலிலிருந்து காட்சிக்காகக் கூட்டி வந்திருந்தார்கள்; சௌந்தரவல்லி என்று பெயர் எழுதிய அட்டை. எலும்பும் தோலுமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் செத்துக் கிடந்தது. பின்னால் ஒரு இயந்திரம் சொறிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, மரியாதைக்காக அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"உறுதி செய்கிறேன்" என்றாள் பொற்கொடி. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மேடையை விட்டு இறங்கும்போது அறவாழி பக்கத்தில் வந்து நடந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்தக் கோல்ல... தண்ணி எவ்வளவு பிடிக்கும்?"

பொற்கொடி நின்றுவிட்டாள். "தெரியுமா சார்?"

"எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாசமாச்சு" என்றார் அவர், இன்னும் தணிந்த குரலில். "சொறியறதுக்கு எதுக்கு நீர்ப்பைன்னு படத்தைப் பாத்த அன்னைக்கே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா இருநூறு பேர் முதுகைச் சொறியவிட்டீங்க? ஒரு உசுரு போயிருச்சே!"

"நான் எப்படிம்மா சபைல அதைச் சொல்றது?" என்றார். "நீ மட்டும் சொன்னியா?"

அவள் மறுபடி மேடை ஏறினாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அது முதுகு இல்லை. கழிப்பறைக்குப் போய்விட்டுத் தண்ணீரால் கழுவுவது. இடது கை விளங்காததால் அதைச் செய்ய முடியாமல், வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறார்கள். நான் பொய் எழுதினேன்."

மரகதம் மெல்லத் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"புதிய தகவல்" என்றது கண்டறிவான், வழக்கமான கனிவோடு. "காற்றுத் துப்புரவு இருக்கையில் இவ்வாறு செய்பவர்கள் கை தூக்கவும்."

முந்நூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் நிஜாமுதீன் கண்ணாடியைத் துடைத்தார். அறவாழி தன் செருப்பையே உற்றுப் பார்த்தார். முன்வரிசையில் ஒரே ஒரு கை எழுந்தது. சங்கரபாண்டியின் இடது கை. நடுங்கி நடுங்கி, தோள் உயரத்துக்கும் மேலே. பக்கவாதம் வந்ததிலிருந்து அது அவ்வளவு உயரம் போனதில்லை என்பதைப் பொற்கொடி தன்னையறியாமல் கணக்கிட்டாள்.

"ஒருவர்" என்றது கண்டறிவான்.

தன் இரண்டு கையும் இன்னும் ஒலிவாங்கியில் இருப்பதை அப்போதுதான் அவள் உணர்ந்தாள். இத்தனையும் பேசிவிட்டுத் தன் கையைத் தூக்கவில்லை! உடம்பு கூசியது. ஒரு கையை விடுவித்து மேலே தூக்கினாள்.

"திருத்தம். இருவர்."

சட்டப்படி பத்து விநாடி அது காத்திருந்தது. பிறகு, "முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருவர். அரிய பழக்கம். பொதுத் திட்டத்தில் சேர்க்கத் தகுதியில்லை. முதுகுச் சிகிச்சை தொடரும்" என்று பதிவுசெய்துவிட்டுச் சாப்பாட்டு மணியை அடித்தது.

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பொற்கொடி நேராகப் போய் அந்த இயந்திரத்தைத் தள்ளிவிட்டு, சௌந்தரவல்லியின் நாற்காலி அருகே குந்தினாள். அந்த அம்மா அவள் காதுக்குள் கேட்டார்: "அந்தப் பயிற்சிக்கு எத்தனை நாளாகும்மா?"

"ஒன்பது நாள்" என்றாள் பொற்கொடி.

மற்றவர்கள் வலது கையைத் துடைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்கள்.