ஜூன் முதல் தேதி லட்டு

தொப்!

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்கில் இஞ்சி மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோஜா கிடந்தாள். கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

இருபது வயது... உடம்பில் இரவல் கறுப்புக் கோட்டு. வக்கீல் ஆபீஸ் உதவியாளர் வேலைக்கான பாராலீகல் டிப்ளமோ வகுப்பு அந்தக் கிடங்கின் மாடியில்தான் நடக்கிறது. சற்று முன்பு அங்கே மாதிரி கோர்ட். அரசுத் தரப்பு வக்கீலாக நின்றது ரோஜா. ஜெயித்ததும் ரோஜாதான்!

மூட்டை ஏற்றுவதற்காக மாடித் தரையில் வெட்டிய திறப்பு வழியே தவறி விழுந்துவிட்டாள் என்று போலீஸ் எழுதியது. கேஸ் முடிந்தது.

ஒருத்திக்கு மட்டும் முடியவில்லை.

முப்பிடாதி. ரோஜாவின் அத்தை. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். பக்கத்து ஸ்டேஷனில் ஏ.எஸ்.ஐ. ரோஜா விழுந்த அதே நேரத்தில் அவள் செல்போனுக்கு ரோஜாவின் அழைப்பு வந்தது. எடுப்பதற்குள் நின்றுபோனது.

தவறி விழுந்தவளின் போன் எங்கே?

அது கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஐந்து வாரம் போனது.

ஜூன் ஒன்று. மழை வெளுத்து வாங்கியது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள். புது யூனிபார்ம் பிள்ளைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள்.

மாடி வகுப்பறையில் முப்பிடாதி சாதாரணச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசையில் ஒரு லட்டு டப்பா.

அவள் வரச்சொல்லியிருந்த இசக்கிராஜா குடையை உதறியபடி உள்ளே வந்தான். ஆலுவாக்காரன். வகுப்பில் முதல் மார்க். மாதிரி கோர்ட்டில் ரோஜாவிடம் தோற்ற எதிர்த்தரப்பு வக்கீல் இந்த மகானுபாவன்தான்.

"எந்தா மேடம், மஃப்டியிலயா?"

"உக்காரு மோனே. லட்டு எடுத்துக்க."

"என்ன விசேஷம்?"

"நேத்து ஸ்டேஷன்ல ஒரு சின்ன பங்ஷன். மிஞ்சிப்போச்சு."

கீழே டீக்கடை வைத்திருக்கும் சுடலைமணி இரண்டு சாயா கொண்டுவந்து வைத்தான்.

"சேட்டா, நீங்க கீழ போங்க" என்றான் இசக்கிராஜா. காலடிச் சத்தம் படியிறங்கித் தேயும்வரை காது கொடுத்துக் கேட்டான்.

"ரோஜா விஷயம் அல்லே?"

"தள்ளினது நீதான். அதை உன் வாயால கேக்கணும்."

"மொதல்ல உங்க போனை ஆஃப் பண்ணுங்க. பையைக் கவுத்துக் காட்டுங்க."

செய்தாள். பையிலிருந்து சீப்பு விழுந்தது. பர்ஸ் விழுந்தது. மடித்த ஜரிகைச் சால்வை ஒன்று விழுந்தது. ரெக்கார்டர் எதுவும் இல்லை.

அவன் சிரித்தான். லட்டை எடுத்துக் கடித்தான்.

"போலீஸ்கிட்ட குத்தத்தை ஒத்துக்கிட்டா அது கோர்ட்ல செல்லாது. எவிடென்ஸ் பேப்பர்ல நான் எழுதி மார்க் வாங்கின கேள்வி. இதை வேற யார்கிட்டயும் சொல்ல முடியல மேடம், நெஞ்சு முட்டுது. உங்ககிட்டதான் தைரியமா சொல்லலாம்."

"சொல்லு."

"ஆமா, தள்ளினேன். அத்தனை பேர் முன்னாடி என்னைக் கோமாளியாக்கினா. டீச்சர்கூடச் சிரிச்சாங்க. எல்லாரும் சாயா குடிக்கப் போனப்ப, இவ இங்க நின்னு உங்களுக்கு போன் போட்டா. ஜெயிச்சதைச் சொல்ல. போனைப் பிடுங்கினேன்... ஒரு தள்ளு. அவ்வளவுதான்."

"போன்?"

"தோ, அந்த மூலையில, ஓட்டுக்கு அடியில. போலீஸ் இங்கயே நின்னு தேடுச்சு. ஒருத்தனும் தலையைத் தூக்கிப் பாக்கல."

அவன் முதுகுக்குப் பின்னால் அதே திறப்பு!

ஒரு தள்ளு போதும்... இவன் குடலை உருவி மாலையாகப் போட வேண்டும் என்றிருந்தது முப்பிடாதிக்கு. சாயா கிளாசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம். சுடலைமணி கிளாஸ் எடுக்க வந்தான்.

"அக்கா, காசு வேண்டாம். ரிட்டயர் ஆன மொத நாளு. இன்னைக்குச் சாயா என் வகை."

இசக்கிராஜாவின் வாயில் லட்டு அப்படியே நின்றது.

"ரிட்...டயரா?"

"நேத்து சாயங்காலத்தோட. நீ திங்கிறது எனக்கு வழியனுப்பு விழாவில குடுத்த லட்டு. சால்வையைப் பாத்துமா புரியல?"

"மேடம்..."

"மேடம் நேத்தோட போயாச்சு. போலீஸா வந்திருந்தா நீ சொன்னது குப்பைக்குப் போயிருக்கும். அதான் அஞ்சு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உன் பக்கமே வரல. இன்னைக்கு நான் வெறும் அத்தை. என்கிட்ட சொன்னா கோர்ட்டு காது குடுத்துக் கேக்கும். நான் மீன் கழுவுறப்ப ரோஜா பக்கத்துல உக்காந்து ஒப்பிச்ச பாடம் இது."

"உங்க வார்த்தையை எவன் நம்புவான்?"

"என்னை நம்ப வேண்டாம். போன் இருக்கிற இடம் கொன்னவனுக்குத்தானே தெரியும்?"

அவன் பாய்ந்தான். பெஞ்சில் ஏறினான். ஓட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். போனை உருவிக்கொண்டு படியை நோக்கி ஓடினான்...

படியில் எஸ்.ஐ. ஷபானா! மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட நின்றாள். லட்டு தின்ன வரச்சொல்லி முப்பிடாதிதான் கூப்பிட்டிருந்தாள்.

"கையில என்னடா?"

போனின் பின்பக்கம் ரோஜா ஒட்டியிருந்த அத்தையின் போட்டோ. இசக்கிராஜா படியிலேயே உட்கார்ந்தான். சட்டம் படித்த வாய்க்கு அப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம்.

"உங்களைப் பாத்தா ரிட்டயர் ஆகுற வயசு மாதிரி இல்லையே..."

"நெசமா அந்த வயசு இன்னும் ஆகல மோனே" என்றாள் முப்பிடாதி, லட்டு டப்பாவை மூடியபடி. "நான் பொறந்தது ஆகஸ்ட். ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு எங்கப்பா மே மாசம்னு எழுதிக் குடுத்துட்டாரு. இங்க மே கடைசியில ரிட்டயர் ஆகுற பாதி சர்க்கார்காரங்க கதை இதுதான். அந்த மனுஷன் மட்டும் அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, இன்னைக்கு நீ தப்பிச்சிருப்ப!"