பின்னி கட்டிய கூடுகள்

ஏழாம் எண் பெண் குருவி இன்றைக்கும் எந்திரத்தின் முதுகில் போய் உட்கார்ந்து, இணையை அழைப்பதுபோல் இறகை நடுக்கிக்கொண்டிருந்தது. மரகதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூடு கட்டினவனைத்தானே மேடம் அது தேடிப் போகும்?" என்றாள் உதவியாளர் ஜோசப்பின்.

"நீ வேற எரிச்சலைக் கிளப்பாதே."

உலகில் மிஞ்சியிருந்த தூக்கணாங்குருவிகள் நாற்பத்தொன்று. அத்தனையும் இந்த வலைக்கூடத்துக்குள்தான். ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுக் கத்தி அழைக்கும். பெண் வந்து உலுக்கிப் பார்க்கும். பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடும். ஆண் வேறு கூடு தொடங்க வேண்டியதுதான். பத்தில் ஆறு கூடு இப்படி வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மரகதவல்லி 'பின்னி'யை உருவாக்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பறக்கும் எந்திரம். ஆண் முதல் நாரைக் கட்டினால் போதும், மீதியைப் பின்னி பிசிறில்லாமல் முடித்துவிடும்.

முதல் வருடம் எந்தப் பெண்ணும் எந்தக் கூட்டையும் தள்ளவில்லை. மரகதவல்லிக்கு விருது கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் ஆண்கள் அந்த முதல் நாரையும் கட்டவில்லை; அதையும் பின்னியே கட்டியது. மூன்றாம் வருடம் பெண்கள் ஆண்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்திரத்தோடு கொஞ்சினால் முட்டை எங்கிருந்து வரும்? இருக்கும் குருவிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இந்தப் பருவமும் போனால் இனமே போயிற்று.

"பின்னியை நிறுத்து," என்றாள் மரகதவல்லி.

எந்திரம் தரையிறங்கியது. வெகு நேரத்துக்குப் பின் ஓர் இளம் ஆண் தென்னங்கீற்றில் நார் கிழித்தது. கிளையில் ஒரு சுற்று சுற்றியது. நழுவியது. மறுபடி சுற்றியது, மறுபடி நழுவியது. பிறகு நாரைக் கவ்வியபடி பின்னியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"கட்டித் தொலையேன்டா!" என்று கத்தினாள்.

கைப்பேசி ஒலித்தது. மகன் குமணன். அவனோடு பேசிப் பார்த்த மூன்று பெண்கள் வேண்டாமென்று சொல்லிவிட, பின்னியின் மூளையையே கொண்டு அவனுக்கு ஒரு 'துணைப்பேச்சன்' செய்து கொடுத்திருந்தாள். பெண் என்ன கேட்டாலும் அது அவன் குரலிலேயே பதில் சொல்லிவிடும்.

"அம்மா, யாழரசி சரின்னுட்டா!"

"அப்பாடா!"

"ஆனா ஒரு கண்டிஷன். பேசினது நான் இல்லைன்னு அவளுக்கு முதல்லயே தெரியுமாம். கல்யாணத்துக்கப்புறமும் துணைப்பேச்சன் வீட்ல இருக்கணுமாம். கூட நான் இருந்தாலும் பரவாயில்லையாம்."

"அதைக் கழட்டி எறிஞ்சிட்டு நீயே போய்ப் பேசுடா!"

"என்னம்மா பேசறது?"

"அதையும் நானே சொல்லணுமா? முப்பது வயசுல கூடவா..."

மறுமுனையில் ஏதோ சொடுக்கும் ஒலி கேட்டது. பிறகு அதே குரல், ஆனால் கனிவாக வந்தது. "உங்க கோபம் நியாயம்தாம்மா. குருவிக் கவலையே உங்களுக்குப் பெரிசு, இதுல நான் வேற படுத்தறேன். காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

குமணன் ஒருநாளும் அவளை அப்படிக் கேட்டதில்லை. பேசுவது யாரென்று அவளுக்குத் தெரிந்தது. வைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

வலைக்குள் ஆண் குருவியின் வாயிலிருந்து நார் விழுந்தது.

"இன்னும் இல்லப்பா," என்றாள் மரகதவல்லி.