கொம்புமொட்டு

கடலூர் துறைமுகத்தில் இப்போது ஒற்றைக்கையோடு யாரும் இல்லை. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கையைப் பிடுங்கிவிட்டால், வெட்டுப்பட்ட இடத்தில் ‘தழைப்பி’ உறையை மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு மாதத்தில் எலும்பு, நரம்பு, நகத்தோடு புதுக்கை வந்துவிடுகிறது. உறைக்குள் வேலை செய்வது, ஒரு வயது ஆண் புள்ளிமானின் கொம்புமொட்டிலிருந்து எடுத்த உயிரணு. அவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறெந்த விலங்கிடமும் இல்லை.

அதை உருவாக்கிய அமுதவல்லியின் எதிரில், அவள் முதன்முதலில் கை வளர்த்துக் கொடுத்த ஆள் உட்கார்ந்திருந்தான். தம்பி கஜேந்திரன்.

“அரிக்குதுக்கா. கொசுதான்னு சொல்றா தேவகி. ரெண்டு வத்தி கொளுத்தி வெச்சிட்டா.” தேவகி அவன் மனைவி.

புறங்கைத் தோல் காய்ந்து, நார் நாராக உரிந்துகொண்டிருந்தது.

“இங்க தெரியுதா?”

“நீ இன்னும் தொடவே இல்லியே.”

அவள் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மான் கொம்பு உதிரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உதிரச் சொல்லும் கட்டளை மானின் மண்டையோட்டில் இருக்கிறது, மொட்டின் அணுவில் இல்லை என்று அடித்துச் சொன்னவள் அவள். யாரும் சரிபார்க்கவில்லை. ஆய்வகக் கொட்டடியில் எந்த மானும் கொம்பை உதிர்த்ததே இல்லை. மொட்டு பிஞ்சாக இருக்கும்போதே அவள் வெட்டிவிடுவாள். ஒரே ஒரு மானையாவது விட்டுவைத்துப் பார்த்திருக்கலாம். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். தம்பியும் காத்திருந்தான்.

“கழண்டு விழப்போகுது கஜா,” என்றாள். “உன் ஒடம்புல ஆண் ஹார்மோன் சுரப்பு ஏறினா தோல் காயும். எறங்கினா கை விழும். மானுக்கும் அப்படித்தான்.”

“நிறுத்த முடியாதா?”

“ஊசி இருக்கு. சுரப்பையே அடக்கிடும். கை நிக்கும்.”

“அப்ப போடு. அதுக்கு ஏன் இப்படி மூஞ்ச வெச்சிருக்க?”

“ஆயுசு பூரா போடணும். போட்டா குழந்தை பொறக்காது.”

கஜேந்திரன் ஜன்னலைப் பார்த்தான். “தேவகி நேத்து ஏணி போட்டு ஏறி உத்தரத்தைப் பாத்துட்டிருந்தா. தொட்டில் கட்டக் கொக்கி தாங்குமான்னு. இன்னும் ஒண்ணுமில்ல. சும்மா பாத்தா.”

பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

“போடாட்டி?”

“விழுந்துட்டு மறுபடி முளைக்கும். வருஷா வருஷம்.”

“அட, இவ்வளவுதானா. நாலு மாசம் கரையில உக்காந்தாப் போச்சு.”

“கேளுடா. இளமானுக்கு முதல் கொம்புதான் ஒத்தையா வரும். அடுத்த வருஷத்துலேர்ந்து கிளை விடும்.”

அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

“எத்தனை கிளை?”

“தெரியல. மன்னிச்சிடு கஜா.”

“விடு. படகுல ஆள் கொறைச்சல்தான்.” சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பிறகு சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டான். “ஊசி வேணாம்க்கா. விழட்டும். ஆனா பத்து கையோட புள்ளையத் தூக்கினா அது அலறும். அடுத்த தரம் முளைக்கும்போது, கிளை விடறதுக்கு முன்னாடி நீ வெட்டிடு.”

“கஜா...”

“மானுக்குச் செய்யறதுதானே. வருஷா வருஷம் வந்து உக்காந்துக்கறேன். நீயே செய், வேற யாரும் வேணாம்.” கதவு வரை போனவன் நின்று திரும்பினான். “பிஞ்சுல வெட்டினா ரொம்ப வலிக்குமாக்கா?”

அமுதவல்லி வாயைத் திறந்தாள். இத்தனை வருடத்தில், அதைக் கேட்கத் தெரிந்த யாரையும் அவள் வெட்டியதில்லை.