சிபில்லா இட்ட கையெழுத்து

செங்கதிரோன் ஊசியிலைக் காடுகளுக்குப் பின்னே மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில், ஹெல்பர்க் கோட்டையின் அடிவாரத்தைத் தழுவி ஓடிய நதி பொன்னை உருக்கி வார்த்தாற்போல் தகதகத்தது. அன்பார்ந்த வாசகர்களே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மானிய தேசத்தில் கோமகன் என்ற பட்டம் தாங்கிய குறுநில மன்னர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் பலர் படைவீரர்களைவிட வாத்தியக் கலைஞர்களையே பெரிதாகப் பேணினார்கள். ஹெல்பர்க் கோமகன் ஆல்பிரெக்ட் அந்தப் பைத்தியத்தில் யாருக்கும் இளைத்தவர் அல்லர்.

ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. கோமகனின் சீருடை அணிந்த கலைஞன் எழுதும் ஒவ்வொரு ஸ்வரமும் கோமகனுக்கே சொந்தம். அதை வெளியே கொண்டுபோனவனுக்குக் கோட்டைச் சிறை.

அவர் மகள் சிபில்லா இசை மண்டபத்தை நோக்கி விரைந்தாள். உள்ளே அவள் உயிருக்குயிராய் நேசித்த வயலின் கலைஞன் கொன்ராட், காவலர் நடுவே நின்றுகொண்டிருந்தான். வினை வந்தது ஒரு நன்றிக் கடிதத்தால். ‘தங்கள் கொன்ராட் கொணர்ந்த இசைக்கோவை எங்கள் சபையையே மயக்கிவிட்டது’ என்று அண்டை நாட்டுக் கோமகன் மரியாதை தவறாமல் எழுதியிருந்தார். மரியாதை காட்டப் போய் மனிதரை மாட்டிவிடுகிறவர்கள் எந்தக் காலத்தில்தான் இல்லை?

“எழுதியவன் நீதானே?” என்றார் ஆல்பிரெக்ட்.

“இல்லை, பிரபு.”

“பின்னே யார்?”

“அதைச் சொல்வதற்கில்லை. என்னைச் சிறைக்கு அனுப்புங்கள்.”

“அவசியமில்லை. எழுதியவள் நான்” என்றபடி சிபில்லா உள்ளே நுழைந்தாள். “என் பிறப்பை அறியாதவர்கள் என் இசையை மெச்சுகிறார்களா என்று பார்க்க விரும்பினேன், தந்தையே. கொடுத்தனுப்பியது நான். அவர் கொண்டு சென்றவர் மட்டுமே.”

கோமகன் நகைத்தார். “காதலனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய், மகளே.”

“அங்கே சென்றவை இரண்டு பகுதிகள். மூன்றாவது பகுதி இன்னும் தாளில் ஏறவில்லை. கேளுங்கள்.”

அவள் ஹார்ப்சிகார்ட் என்னும் விசைப்பலகை வாத்தியத்தின் முன் அமர்ந்தாள். மூன்றாம் பகுதியை வாசிக்கத் தொடங்கினாள். சினத்தில் முறுக்கேறியிருந்த ஆல்பிரெக்டின் கை, அவரை அறியாமலே தாளம் போட்டது. பாதியில் பொறுக்கமாட்டாமல் எழுந்து, தம்முடைய காம்பா என்னும் நரம்பு வாத்தியத்தை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, மகளோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். இசை முடிந்தபோது அவர் கண்கள் ஈரமாயிருந்தன.

“நீதான் எழுதினாய்” என்றார் தாழ்ந்த குரலில். “ஆனால் கோமகள் ஒருத்தி ஊழியக் கலைஞனைப் போல் இசை எழுதினாள் என்று உலகம் அறியலாகாது. மௌனமாயிரு. இவனைத் திருடன் என்று அறிவித்து, மன்னித்து, நாட்டைவிட்டு அனுப்பிவிடுகிறேன். அந்த இசைக்கு உன் பெயரை இட்டாயானால் இவன் நிரபராதி; ஆனால் நீ என் மகள் அல்ல.”

கொன்ராட் பதறினான். “இளவரசி, வேண்டாம். திருடன் என்ற பெயரைத் தாங்கிக்கொள்வேன்.”

“நான் தாங்கமாட்டேன்” என்றாள் சிபில்லா.

கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு பகுதிகளின் மூலப் பிரதியை மேசைமீது விரித்தாள். இறகுப் பேனாவை மையில் தோய்த்து, பட்டமும் குலப்பெயரும் இன்றி, ‘சிபில்லா’ என்று மட்டும் எழுதினாள்.

“என் பெயரின்றி என் இசை இனி எங்கும் போகாது. இது சத்தியம்.”

காவலர் விலகினர். கொன்ராட் தன் சீருடை மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவள் கரத்தைப் பற்றினான். இருவரும் வாயிலை அடைந்தபோது பின்னாலிருந்து கோமகனின் குரல் கேட்டது.

“அந்த மூன்றாம் பகுதி… அதன் பிரதி ஒன்று எனக்கு வேண்டும்.”

சிபில்லா திரும்பிப் பார்த்தாள். தந்தையே என்று அழைக்க எழுந்த நாவை அடக்கிக்கொண்டாள்.

“கேட்டு என் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள், பிரபு” என்றாள். “அனுப்பிவைக்கிறேன்.”