ஓட்டோவின் நிலவறையில் துப்பக்கூடாது

கிளெனெல்க் கடற்கரை ஓட்டலில் லயனல் பிரெஸ்காட் என் சுற்றுலா வேனில் ஏறியதும், கதவை நான்தான் சாத்த வேண்டியிருந்தது. அடிலெய்டுப் பத்திரிகை ஒன்றில் ஒயினுக்கு மதிப்பெண் போடுகிறவர். நாக்கின் ருசி கெட்டுவிடும் என்று காலையில் பல் துலக்குவதில்லை என்றார். சொல்லாமலே தெரிந்தது.

"நாளைக்குப் போட்டியில நான்தான் தலைமை நடுவர், ட்ரெவர். இந்த நாக்கு போச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

வேறு ஒரு வேலையும் தெரியாது என்பதை இத்தனை பெருமையோடு சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

பரோசா பள்ளத்தாக்கில் ஹெல்கா லிண்ட்னரின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். ஒயின் நிலவறைக்கு இறங்குமுன் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கீழ துப்ப வேணாம் சார். வாய்ல வச்சா முழுங்கிடுங்க. அப்பா ஓட்டோவுக்குப் பிடிக்காது."

"எங்க அவரு?"

"தேவாலயத்துக்குப் பின்னாடி. புதைச்சு ரொம்ப வருஷமாச்சு."

லயனல் சிரித்தபடி பையிலிருந்து, ருசி பார்த்த ஒயினைத் துப்புகிற சொந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார். "முழுங்குறவன் குடிகாரன்மா. துப்புறவன்தான் ரசிகன்."

கீழே ஒற்றை பல்பு. ஈர மண்ணும் ஓக் பீப்பாய் மரமும் புளித்த வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. லயனல் ஒரு வாய் சிவப்பு ஒயினை எடுத்து, பல்வலிக்கு உப்புநீர் கொப்பளிப்பவர்போலக் கொப்பளித்தார். கண்ணை மூடினார். கிண்ணத்தில் நீளமாகத் துப்பினார்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன். கிண்ணம் காய்ந்து கிடந்தது.

பீப்பாய்க்குப் பின்னால் யாரோ மடக்கென்று விழுங்கினார்கள்.

"ஹெல்கா, நீயா?"

"நான் குடிக்கவே இல்ல," என்று கிசுகிசுத்தாள்.

லயனலுக்கு எதுவும் கேட்கவில்லை. தன் குரலைத் தவிர எதையும் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "ஈரமான குதிரைச் சேணம். கொஞ்சம் துக்கப்படுற பிளம் பழம்," என்று ருசியை வர்ணித்துவிட்டு, அடுத்த வாயையும் துப்பினார்.

மடக்.

இம்முறை அவர் தோளுக்குப் பின்னாலேயே. பைப் புகையிலை நெடி வந்தது. யாரோ திருப்தியாகப் பெருமூச்சு விட்டார்கள்.

மூன்றாவது வாய் எடுத்ததும் லயனல் அசையாமல் நின்றார்.

"இது வெறும் தண்ணி."

அதே ஒயினை நான் ருசித்தேன். தொண்டை எரிந்தது.

மேலே வந்து லயனல் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தார். உப்பை அள்ளி நாக்கில் போட்டார். ஒன்றுமில்லை. அழுகிற குரலில், "உங்கப்பாகிட்டச் சொல்லி என் ருசியத் திருப்பி வாங்கிக் குடு," என்றார்.

"எங்கப்பா எதையும் திருப்பிக் குடுத்ததே இல்ல சார்."

மறுநாள் அவர் போட்டிக்குப் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். எல்லா ஒயினுக்கும் சேணம், பிளம், துக்கம். மண்டபமே தலையாட்டியது. முன்னெப்போதையும்விட நுணுக்கமாகச் சொன்னார் என்று பக்கத்திலிருந்தவர் உருகினார்.

அங்கே அவர் துப்பிய கிண்ணத்தைக் கழுவ நான் எடுத்துப் போனேன். ஒரு சொட்டு இல்லை.

திரும்பும் வழியில் லயனல் என் பக்கத்தில், பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் பெல்ட் போடவில்லை என்று வண்டி மணியடிக்கத் தொடங்கியது.

பின்னால் யாரும் இல்லை.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. புகையிலை நெடி மட்டும் வந்தது.

பிறகு, பெல்ட் மாட்டும் சத்தம். மணி நின்றது.